எல்1 இல்லாத இளவரசன்

ஜூன் மழையில் பரண் ஒழுகியதால்தான் இந்த வேலையே ஆரம்பித்தது. சயான் கோலிவாடாவில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெட்டியில், கிழிந்த லுங்கியில் சுற்றி வைத்திருந்த என் பழைய பிஎஸ்2, டிவியில் மாட்டி ஆடும் வீடியோகேம் பெட்டி. கூடவே கையில் பிடித்து ஆடும் ஒரு பேட், ஒரு மெமரி கார்டு, நாலு டிஸ்க். பேடின் ஒயர் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. பட்டன் இடுக்குகளில் பூசணம்.

அக்கா மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி விட்டதும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி லாஸ்ட் கிரவுன்’ ஆடிக்கொண்டிருந்தவள், நான் இறக்கி வைத்த டிஸ்க் உறையைப் பார்த்துவிட்டு, “மாமா, இதுவும் பிரின்ஸா? அப்பவே இருந்துச்சா?” என்றாள்.

அந்த ‘அப்பவே’ கொஞ்சம் சுருக்கென்றது. அவள் கையில் இருந்தது 2003-ல் வந்த ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’. அதற்கும் பதினாலு வருஷம் முன்னால், 1989-ல், ஜோர்டன் மெக்னர் என்பவர் கிட்டத்தட்டத் தனியாளாக ஆப்பிள் டூ கணினிக்கு எழுதியதுதான் முதல் பிரின்ஸ். நான் ஆடியது அடுத்த வருஷம் வந்த டாஸ் (பழைய கணினி இயங்குதளம்) பதிப்பு. தாராவி 90 அடி ரோட்டில் ஒரு மாடிக் கம்ப்யூட்டர் கிளாஸ், ஒரு மெஷினுக்கு ரெண்டு பேர், சார் டீ குடிக்கக் கீழே இறங்கும் இடைவெளி. அங்கே யாருக்கும் டாஸ் கட்டளை முழுசாகத் தெரியாது. ஆனால் ‘பிரின்ஸ் மெகாஹிட்’ என்று தட்டி உள்ளே போய், ஷிஃப்டும் எல்லும் அழுத்தினால் அடுத்த லெவலுக்குத் தாவலாம் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

“என்னோடதுதான் ரொம்பக் கஷ்டம் மாமா. பழசெல்லாம் ஈஸியாத்தான் இருக்கும்” என்றாள்.

பந்தயம் கட்டிவிட்டேன். பழசு, நடுவில் வந்தது, புதுசு என்று வரிசையாக வைத்து, சனிக்கிழமை தோறும் ஆடிப் பார்ப்பது. முதலில் பேடைச் சரி செய்யவேண்டும். எனக்கு வேலை லிஃப்ட் சர்வீஸ். நாளெல்லாம் பட்டன், கான்டாக்ட், ரிலே என்றுதான் போகிறது. இது அரை மணி நேரச் சமாசாரம் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது.

முதல் சனிக்கிழமை

பேடின் பின்பக்கம் ஏழு ஸ்க்ரூ. கவிழ்த்து வைத்துத்தான் திறக்கவேண்டும், இல்லாவிட்டால் பட்டன்கள் பொலபொலவென்று கொட்டிவிடும். உள்ளே அதிர்வுக்கு ரெண்டு சின்ன மோட்டார், நடுவில் போர்டு, அதைத் தூக்கினால் அடியில் காப்பி நிறத்தில் ஒரு ஃபிலிம்.

இந்தப் பேடில் பட்டன் வேலை செய்கிற விதம் அழகானது. லிஃப்ட் பட்டனில் இருப்பது வெறும் ஸ்விட்ச்: தொட்டால் தொட்டது, இல்லாவிட்டால் இல்லை. இங்கே ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே ஒரு ரப்பர் குமிழ். குமிழின் அடியில் கரி கலந்த ஒரு கறுப்புப் பொட்டு. அது ஃபிலிமில் அச்சடித்த கோடுகளின் மேல் போய் உட்காரும். மெல்ல அழுத்தினால் பொட்டு லேசாகத்தான் படும், மின்தடை அதிகம். பலமாக அழுத்தினால் பொட்டு நசுங்கிப் பரவும், தடை குறையும். எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பது விளையாட்டுக்குத் தெரிகிறது.

இயர் பட்டில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டு எல்லாவற்றையும் துடைத்தேன். பட்டன்களை சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டேன். மூடி, மாட்டி, போட்டுப் பார்த்தால் எல்லாம் ஓடுகிறது, இடது தோளில் இருக்கும் எல்1 தவிர. எத்தனை பலமாக அழுத்தினாலும் ஊமை. அதோடு அதிர்வும் நின்றுவிட்டது. அது என் தப்பு. மோட்டார் ஒயரை ஸ்க்ரூத் தூணுக்கு அடியில் கொடுத்து நசுக்கியிருந்தேன். திரும்பத் திறந்து, ஒயரை ஒட்டி, டேப் சுற்றி, வழிமாற்றி விட்டேன்.

மல்டிமீட்டர் முனைகளை ரப்பர் பொட்டுகளில் வைத்துப் பார்த்தேன். மற்ற பொட்டுகளில் மீட்டர் ஏதோ ஒரு எண் காட்டியது. எல்1 பொட்டில் ஒன்றுமே இல்லை. கரி போய், வெறும் ரப்பர் பளபளத்தது. எல்1-ஐத்தான் நான் அந்தக் காலத்தில் தேய்த்திருக்கிறேன். ஏனென்றால் ‘சாண்ட்ஸ் ஆஃப் டை’மில் காலத்தைப் பின்னோக்கிச் சுற்றுகிற பட்டன் அதுதான்.

கடை இனி அடுத்த சனிக்கிழமைதான். பேட் இல்லாமலே ஆடக்கூடிய பழசை முதலில் எடுத்துக்கொண்டோம்.

மடிக்கணினியில் எஸ்டிஎல்பாப் போட்டேன். டாஸ் பதிப்பைப் பிரித்துப் படித்து, அதே நடத்தையோடு இன்றைய கணினிகளுக்குத் திரும்ப எழுதிய இலவச மென்பொருள். எஃப்6 அழுத்தினால் இருந்த இடத்தைப் பதிந்துகொள்ளும், எஃப்9 அழுத்தினால் அங்கே திரும்பும். அசலில் இந்த வசதி கிடையாது. அவளிடம் அதைச் சொல்லவில்லை.

கையாள வேண்டியது அம்பு விசை நாலு, ஷிஃப்ட் ஒன்று, அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் அவள் பதினைந்து தடவை செத்திருப்பாள்.

“மாமா, கீபோர்டு லேக் ஆகுது.”

லேக் இல்லை. இங்கேதான் விஷயம். பழைய பிரின்ஸில் நீங்கள் அழுத்துவது கட்டளை அல்ல. லிஃப்டைக் கூப்பிடுவது மாதிரி. பட்டனைத் தட்டியதும் கோரிக்கை பதிவாகிறது, அவ்வளவுதான். கூண்டு இருக்கும் இடத்திலிருந்து, அது போய்க்கொண்டிருக்கும் திசையை முடித்து, உங்கள் தளத்துக்கு வந்த பிறகுதான் கதவு திறக்கும். இளவரசன் ஓட ஆரம்பித்துவிட்டால் ஒவ்வொரு அடியையும் முடிப்பான். ‘குதி’ என்றால் அடுத்த அடி எடுக்கும் புள்ளியில் குதிப்பான். ‘நில்’ என்று விசையை விட்டால் சறுக்கி நிற்பான், அதற்குள் ஒரு தரைக்கல் தாண்டியிருப்பான். திரும்பு என்றால் உடம்பைச் சுழற்றித் திரும்புவான். விநாடிக்கு 12 சட்டகம்தான் (ஃபிரேம்) ஓடுகிறது, சண்டை என்றால் 10. ஒவ்வொரு சட்டகத்துக்கும் உடம்பில் எடை இருக்கிறது.

அந்த எடை எங்கிருந்து வந்தது என்றால், மெக்னர் தன் தம்பி டேவிட்டை ஓடவிட்டு, குதிக்கவிட்டு, தொங்கவிட்டு வீடியோ எடுத்தார். அதைச் சட்டகம் சட்டகமாக வரைந்து உள்ளே போட்டார். வாள் சண்டைக்கு 1938-ல் வந்த ராபின் ஹூட் படத்தின் கடைசிச் சண்டையைப் பார்த்து வரைந்தார். அதனால் திரையில் ஓடுவது ஒரு உண்மையான பையனின் கால். உண்மையான கால் நினைத்த மாத்திரத்தில் நிற்காது.

இதற்கெல்லாம் மாற்று மருந்து ஷிஃப்ட். அதைப் பிடித்துக்கொண்டு அம்பு விசையைத் தட்டினால் இளவரசன் பூனைபோல ஒரே ஒரு அடி வைப்பான். பள்ளத்தின் விளிம்பு வந்தால் சரியாக விளிம்பில் நிற்பான். கூர்முனைகள் நீட்டியிருக்கும் குழியில் ஓடினால் சாவு. ஷிஃப்ட் பிடித்து நடந்தால் முனைகளுக்கு நடுவே பத்திரமாகப் போய்விடலாம். தொங்குவதற்கும் அதே ஷிஃப்ட், குப்பியிலிருந்து குடிப்பதற்கும் அதே ஷிஃப்ட், சண்டையில் குத்துவதற்கும் அதே ஷிஃப்ட். ஐந்து விசையில் ஒரு முழு மனிதனை அடைத்திருக்கிறார்.

அவளுக்கு இது பிடிபட ஒரு மணி நேரம் ஆனது. பிடிபட்ட கணம் எனக்குத் தெரிந்தது: திரையைப் பார்த்தபடி தட்டுவதை நிறுத்திவிட்டு, பள்ளத்துக்கு முன்னால் நின்று, விரலால் திரையிலேயே கற்களை எண்ணினாள். ஒரு திரைக்குக் குறுக்கே 10 கல், மேலிருந்து கீழே 3 தளம். எண்ணி, பின்னால் ரெண்டு கல் நகர்ந்து, ஓடிக் குதித்து, ஷிஃப்டைப் பிடித்து மறுகரையில் தொங்கினாள்.

“இது பிளாட்ஃபார்ம் கேம் இல்ல மாமா. செஸ்.”

வெளியே எங்கள் சந்தில் தண்ணீர் முழங்காலுக்கு ஏறிவிட்டதால் அன்று இரவு அவள் இங்கேயே தூங்கினாள்.

நடுவில் ஒரு வாரம்

பென்சில் வைத்தியம். 6பி பென்சிலை எல்1 பொட்டில் அழுத்தித் தேய்த்தால் கிராஃபைட் ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் போகும். தேய்த்தேன். போனது. ஒரு சாயங்காலம் முழுக்க இளவரசன் காலத்தைச் சுற்றினான். மறுநாள் பொடி உதிர்ந்து மீண்டும் ஊமை. அலுமினியத் தாளை வெட்டி ஒட்டலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஃபிலிமைச் சுரண்டிவிடும் என்று எனக்குப் பயம், செய்யவில்லை.

டிவி இன்னொரு தலைவலி. புது டிவியில் பழைய மஞ்சள்-சிவப்பு-வெள்ளை சாக்கெட் கிடையாது. பக்கத்துக் கடையில் ஒரு மாற்றுப் பெட்டி வாங்கி ஹெச்டிஎம்ஐ-யில் கொடுத்தேன். இளவரசன் மந்தமாக இருந்தான். ‘பழைய விளையாட்டு, அதான் இப்படி’ என்று குறிப்பேட்டில் எழுதியே விட்டேன். பிறகுதான் சந்தேகம் வந்து டிவி மெனுவில் கேம் மோடைப் போட்டேன்; பாதி மந்தம் போய்விட்டது. கையாள்வதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன் டிவியைப் பார்க்க வேண்டும். எழுதிய வரியை அடித்துவிட்டேன்.

இரண்டாவது சனிக்கிழமை

லோக்கலில் சயானிலிருந்து தாதர், அங்கே பாலம் ஏறி மேற்கு லைன் மாறி கிராண்ட் ரோடு. ஸ்டேஷனிலிருந்து லாமிங்டன் ரோடு நடை தூரம். போர்டில் பெயர் பட்கம்கர் மார்க், சொல்வது யாரும் அப்படி இல்லை. மழைத் தார்ப்பாய்களுக்கு அடியில் குனிந்து குனிந்து ஏழெட்டுக் கடை கேட்டேன். பிஎஸ்2 ரப்பர் மட்டும் தனியாக எங்கேயும் இல்லை. ஒரு கடையில் டூப்ளிகேட் பேடு இருந்தது. “ஒரிஜினல்தான் சேட்” என்று அவர் சத்தியம் செய்தபோது நான் எடையைக் கையில் தூக்கிப் பார்த்துச் சிரித்தேன், அவரும் சிரித்துவிட்டு விலையைக் குறைத்தார். கூடவே பேடை யுஎஸ்பி-யாக மாற்றும் ஒயரும் வாங்கினேன். வடாபாவ் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால், டூப்ளிகேட் பேடின் எல்1 ரப்பர் வேறு வடிவம். என் பேடின் குழியில் உட்காரவே இல்லை.

ஆக, இரண்டாவது வாரமும் எல்1 இல்லாமல்தான் ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ ஆடினோம். அது நடந்ததும் நல்லதுக்குத்தான்.

தெரியாதவர்களுக்கு: இதன் கதை நம் ஊரில்தான் தொடங்குகிறது. பாரசீகப் படை ஒரு மகாராஜாவின் அரண்மனையைச் சூறையாடுகிறது, கருவூலத்தில் இளவரசனுக்கு ஒரு குறுவாள் கிடைக்கிறது, அதில் காலத்தின் மணல். கூட வருகிற ஃபாரா அந்த மகாராஜாவின் மகள்.

கையில் என்ன மாறியது? வலது தோளில் இருக்கும் ஆர்1-ஐப் பிடித்துக்கொண்டு சுவரைச் சாய்வாக நோக்கி ஓடினால் சுவர் மேல் நாலைந்து அடி ஓடுவான். நேராக ஓடினால் சுவர் மேலே ஏறுவான். எக்ஸ் அழுத்தினால் சுவரை உதைத்துத் தாவுவான். சண்டையில் அதே ஆர்1 தடுப்பு. பழைய ஷிஃப்ட் எப்படி ஐந்து வேலை செய்ததோ, ஆர்1 அப்படி. இடம் பார்த்து அர்த்தம் மாறும். ஆனால் கல் எண்ண வேண்டாம். கம்பம், விளிம்பு, சுவர் எல்லாம் அவன் கைக்கு ஏற்ற தூரத்திலேயே இருக்கும், அருகே போனாலே அவனே பிடித்துக்கொள்வான். விளிம்பில் ஓடிப்போனால்கூடப் பல இடங்களில் தொங்கித் தப்பிவிடுவான். உடம்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை விளையாட்டுடையது. வழியைக் கண்டுபிடிக்கும் வேலை நம்முடையது.

இத்தனை தாராளம் எதற்கு என்றால், அதற்கு மேலும் தாராளமாக எல்1 இருக்கிறது. விழுந்தால் எல்1-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட 10 விநாடி வரை எல்லாம் பின்னால் ஓடும். குறுவாளில் மணல் இருக்கிற வரை. செத்த பிறகும்கூட விளையாட்டு சில நொடி அவகாசம் தரும். அதற்குள் அழுத்தினால் பிழைத்தோம்.

எங்களிடம் அந்தப் பட்டன் செத்திருந்தது. இளவரசன் விழுவான், திரை மங்கும், அந்தச் சில நொடியும் ஓடும், நான் வெறும் பிளாஸ்டிக்கை அமுக்கிக்கொண்டிருப்பேன். பிறகு இளவரசன் குரலே வரும், இல்லை, இப்படி நடக்கவில்லை, எங்கோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று. முழு விளையாட்டும் அவன் யாருக்கோ சொல்கிற கதை. சாவு என்பது சொல்கிறவனின் நாக்குப் பிசகு. மூன்றாவது தடவை கேட்டபோது அக்கா மகள், “அரே, சரியாச் சொல்லித் தொலையேன்!” என்று டிவியைத் திட்டினாள்.

ஆனால் கவனித்தேன், என் ஆட்டமே மாறியிருந்தது. ஒவ்வொரு கூடத்திலும் நுழைந்ததும் நின்று, கேமராவைத் தூரத்துக்கு இழுத்து முழு இடத்தையும் காட்டும் பட்டனை அழுத்தி, எந்தக் கம்பத்திலிருந்து எந்தச் சுவருக்கு என்று மனசுக்குள் ஒரு தடவை ஓடிப் பார்த்துவிட்டுத்தான் காலெடுத்து வைத்தேன். அந்த வயதில் நான் இதை இப்படி ஆடியதே இல்லை. எல்1 போனதும் 2003-ம் வருஷத்து இளவரசன் 1989-ம் வருஷத்து இளவரசனாகிவிட்டான்.

அன்று ராத்திரிதான் கடைசி வைத்தியம். டூப்ளிகேட் ரப்பரை முழுசாகப் போடத்தானே முடியவில்லை? பொட்டை மட்டும் எடுத்தால்? புது பிளேடால் அதன் எல்1 குமிழின் அடியிலிருந்து கறுப்புப் பொட்டை ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சீவினேன். முதல் பொட்டு கோணலாகப் போனது, தூக்கிப் போட்டேன். ரெண்டாவதை அதன் எல்2-விலிருந்து எடுத்தேன், அது சமமாக வந்தது. என் பழைய குமிழின் தேய்ந்த முகத்தை உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, குண்டூசி முனையில் ஒரு துளி சிலிகான் சீலன்ட் வைத்து, பொட்டை ஒட்டினேன். ஃபெவிக்விக் போட்டால் கல்லாகி ரப்பர் வளையாது. சிலிகான் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். மும்பை ஜூலைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? காலையில் கல்லுப்போல, இல்லை, ரப்பர்போலவே நின்றது. பொட்டு கனம் கூடியதால் பட்டன் சும்மா இருக்கும்போதே ஃபிலிமைத் தொட்டது. இளவரசன் தானாகவே பின்னால் ஓட ஆரம்பித்தான். கொஞ்சம் சீவிக் குறைத்ததும் நின்றது. ஏழு ஸ்க்ரூவையும் ஆறாவது முறையாக முடுக்கினேன்.

மூன்றாவது சனிக்கிழமை

எல்1 வந்தது, என் நிதானம் போனது. கூடத்தில் நுழைந்தவுடன் ஓட்டம். விழுந்தால் எல்1. வெட்டுப்பட்டால் எல்1. “மாமா, ரிப்பேர் பண்ணதுக்கப்புறம் நீங்க ரொம்பச் சாகறீங்க” என்றாள். உண்மை. ஆனால் சாகிற ஒவ்வொரு தடவையும் அதே தாவலை உடனே இன்னொரு முறை செய்து பார்க்கிறேன். பழைய முறையில் ஒரு மணி நேரம் எடுத்த கூடத்தை இருபது நிமிஷத்தில் முடித்தேன். எது நல்ல ஆட்டம் என்று கேட்டால், எல்1 இல்லாமல் ஆடிய கூடம்தான் எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. ஓடி முடித்தது ஓடியே போய்விட்டது.

மற்றவற்றை வேகமாகப் பார்த்தோம். 1993-ல் வந்த இரண்டாம் பாகம் அதே கைதான், எதிரிகள் கூட்டமாக வருவார்கள். 1999-ல் வந்த முப்பரிமாணப் பதிப்பைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. பழைய எடையான உடம்பை எடுத்து, விளிம்பு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். 2004-ல் வந்த ‘வாரியர் வித்தின்’ முழுக்கக் கோபம்; ரெண்டு கையிலும் ஆயுதம், பட்டன் சேர்க்கைகள் ஒரு பட்டியல் நீளத்துக்கு. ஆனால் டஹாகா என்கிற பூதம் துரத்தும் இடங்களில் யோசிக்க நேரமே தராமல் அதே சுவரோட்டத்தை ஆடவைக்கிறது, அது எனக்குப் பிடிக்கும். 2005-ல் வந்த ‘டூ த்ரோன்ஸ்’, கத்தி மின்னும் கணத்தில் சரியாக அழுத்தினால் எதிரியைச் சத்தமில்லாமல் முடிக்கலாம்.

2008-ல் வந்த பிரின்ஸை மட்டும் நின்று பார்க்கவேண்டும். இதில் பட்டன் நாலு: வாள், கையுறை, தாவல், கூடவே வருகிற பெண் எலிகா. தாவலை ஒரு தடவை தட்டினால் சுவரோட்டம் தானே தொடங்கும், பிடித்துக்கொண்டே இருக்கவேண்டியதில்லை. விழுந்தால் எலிகா கையைப் பிடித்துத் தூக்கிக் கடைசியாக நின்ற தரையில் விடுவாள். சாவே கிடையாது. அன்று இதைத்தான் பலரும் குறை சொன்னார்கள். எனக்கு எலிகா என்றால் லிஃப்டின் சேஃப்டி கியர். கயிறு அறுந்து கூண்டு அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் இறங்கினால், வேகத்தைக் கண்காணிக்கும் கவர்னர் இழுக்க, கியர் தண்டவாளத்தைக் கவ்வி நிறுத்தும். அது இருக்கிறது என்பதற்காக யாரும் லிஃப்டைக் குறை சொல்வதில்லை. எனக்குக் குறை வேறு: பட்டன் இத்தனை சுருங்கியதும் தாவல் ஒரு தாளமாகிவிட்டது. அடுத்தது எது என்று கண் சொல்கிறது, விரல் தட்டுகிறது, நான் நடுவில் இல்லை. பேடை யுஎஸ்பி வழியாக இதில் ஓட்டவே ஒரு மாலை போனது. பேட் பேசும் பாஷையை மாற்றித் தர நடுவில் இன்னொரு மென்பொருள் தேவைப்பட்டது.

2010-ன் ‘ஃபர்காட்டன் சாண்ட்ஸ்’ அதை மாற்றிப்போடுகிறது. ஒரு விரலைப் பிடித்திருக்கும் வரை தண்ணீர் உறைந்து நிற்கும்: நீரூற்று கம்பமாகும், அருவி சுவராகும். உறைந்த ஊற்றிலிருந்து தாவி, எதிரே இருக்கும் அருவியை ஊடுருவ விரலை விட்டு, அடுத்த ஊற்றைப் பிடிக்க மறுபடி அழுத்தவேண்டும், எல்லாம் காற்றில் இருக்கும்போதே. இதை ஆடிய மறுநாள் எனக்கு இடது ஆள்காட்டி விரல் வலித்தது. அவள் நாலே தடவையில் போய்விட்டாள். இங்கே எனக்குத் தோல்வி, ஒப்புக்கொள்கிறேன்.

அவளுடைய போன்

2024 ஜனவரியில் வந்த ‘லாஸ்ட் கிரவுன்’ மறுபடி பக்கவாட்டுப் பார்வை. நாயகன் சார்கோன்; இளவரசன் அல்ல, இளவரசனைத் தேடிப் போகிறவன். அவள் ஆடுவது 2025-ல் வந்த போன் பதிப்பு. கண்ணாடித் திரையில் வரைந்த பட்டனுக்குக் குழியும் இல்லை, விளிம்பும் இல்லை. விரல் நழுவியது விரலுக்கே தெரியாது. அதைத் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்: தானே தடுக்கும், தானே மருந்து குடிக்கும் வசதிகளை அமைப்பில் போட்டுக்கொள்ளலாம். அவள் எதையும் போடவில்லை. “அது சீட்டிங் மாமா.” எஃப்6 சமாசாரத்தை அப்போதும் நான் சொல்லவில்லை.

சார்கோன் அழுத்திய கணத்தில் நிற்கிறான், அழுத்திய கணத்தில் திரும்புகிறான். 1989-ன் எடை ஒரு துளி இல்லை. பதிலுக்கு, முள்ளும் ரம்பமும் ஒரு விரல்கடைக்கு ஒன்று. ஒரே தாவலில் தாவல், காற்றில் பாய்ச்சல், சுவர் உதை, மறுபடி பாய்ச்சல் என்று நாலு சரியாக விழவேண்டும். நான் இருபத்தெட்டு தடவை செத்தது வரை எண்ணினேன், பிறகு எண்ணுவதை விட்டேன்.

அதில் ஒரு சக்தி வருகிறது. ஒரு பட்டன் தட்டினால் நின்ற இடத்தில் தன் நிழலை விட்டுவிட்டுப் போகலாம். இன்னொரு தட்டு, நிழல் இருந்த இடத்துக்கே திரும்பிவிடுவோம். பார்த்ததும் நான் சிரித்துவிட்டேன். முதல் பிரின்ஸிலும் ஒரு நிழல் மனிதன் உண்டு. நாலாம் லெவலில் கண்ணாடிக்குள் ஓடிக் குதித்தால் மறுபக்கம் ஒருவன் பிரிந்து ஓடுவான். ஆப்பிள் டூ நினைவகத்தில் புது எதிரிக்குப் படம் வைக்க இடமில்லாமல், இளவரசனின் படங்களையே ஒரு புள்ளி தள்ளி ஒன்றின்மேல் ஒன்று போட்டுச் செய்த உருவம் அவன்.

(இடையில் ஒரு மும்பைக் கதை. ‘சாண்ட்ஸ் ஆஃப் டை’மைப் புதிதாகச் செய்யப்போகிறோம் என்று 2020 செப்டம்பரில் அறிவித்தபோது, அதை வெளியிடும் யூபிசாஃப்ட் நிறுவனத்தின் புனே, மும்பை ஸ்டூடியோக்கள்தான் செய்கின்றன என்றார்கள். எங்கள் தெருவில் எனக்கு மட்டும்தான் அது பெரிய செய்தி. 2022-ல் அந்த வேலை மான்ட்ரியாலுக்குப் போய்விட்டது.)

பந்தயம் என்ன ஆச்சு என்று கேட்டாள். “நிழல் மனுஷனைத் தாண்டு, அப்புறம் பேசலாம்” என்றேன்.

யுஎஸ்பி ஒயரில் பேடை மாட்டி எஸ்டிஎல்பாப்பில் பட்டன்களைப் பொருத்தினேன். ஷிஃப்டுக்கு எல்1-ஐயே கொடுத்தேன், ஒட்டுப் போட்டதற்கு ஒரு சோதனை. பன்னிரண்டாம் லெவல். நிழல் வாளோடு நிற்கிறான். அவள் எல்1-ஐத் தட்டிக் குத்தினாள், அவனுக்கு ஒரு உயிர் குறைந்தது, இவளுக்கும் ஒன்று குறைந்தது. மறுபடி குத்தினாள். ரெண்டு பேரும் சேர்ந்து செத்தார்கள். மூன்று முறை. நாலாவது முறை கையைப் பேடிலிருந்து எடுத்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, கத்திய உள்ள வைக்க பட்டன் இருக்கா?”

“கீழ் அம்பு.”

வாள் உறைக்குள் போனது. நிழலும் வைத்தான். நடந்து போனாள், அவன் இவளுக்குள் கலந்தான். எதிரே பெரிய பள்ளம். தாவினால் எட்டாத தூரம். அவள் எல்1-ஐப் பிடித்து, பூனையடி வைத்து, விளிம்பில் சரியாக நின்று, கல் எண்ண ஆரம்பித்தாள்.

“எண்ணாதே. எல்1-ஐ விடு” என்றேன். “ஓடு.”

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஓடினாள். காலடியில் ஒவ்வொரு கல்லாக வந்துகொண்டிருந்தது.